மூக்கில் ஏறாத சுலோகம்

இன்று எங்கிருந்தோ நெல் அவிக்கும் வாசனை வந்ததும், சேரன்மகாதேவியில் இப்போது இல்லாத அந்த ரைஸ்மில்லின் மாடிக்கே மனசு ஓடிவிட்டது. அங்கேதான் சாயங்காலம் இந்தியும் சமஸ்கிருத சுலோகமும் படித்தோம். இந்தி எழுத்தின் தலையில் புள்ளி இருந்தால் சத்தம் மூக்கில் ஏற வேண்டுமென்று, மூக்குத்தண்டில் விரல் வைத்து, கீழே ஓடும் மெஷினோடு சேர்ந்து 'ம்ம்' என்று இழுப்போம்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சளி. விரலில் அதிர்வே தட்டவில்லை. தப்பாகச் சொன்னால் சாமி அம்மாவைக் காப்பாற்றாதோ என்று இருப்புக் கொள்ளாமல் தவித்தேன்.

வகுப்பில் பக்கத்திலிருந்த செல்வி, "ஒனக்குத்தானட்டி மூக்கடைப்பு, சாமிக்குக் காதா அடைச்சிருக்கு?" என்றாள்.

சுலோகத்தை விட்டேன். "எங்கம்மாவைக் காப்பாத்து தாயே" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளாஸ விட்டுட்டு இங்கன என்னட்டி செய்யுத?" என்று அதட்டினாள்.

அந்த அதட்டல் எனக்குப் போதுமாயிருந்தது.