டிரிட்டிரி மட்டாங்கித் தீவும் வேகாத பருப்பும்

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரிட்டிரி மட்டாங்கித் தீவுக்குப் போய்வந்தேன். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்திலிருந்து வடகிழக்கே கடலில் முப்பது கிலோமீட்டர் போனால் வரும் பறவைச் சரணாலயம் அது. போனதற்குப் பறவைகள் மீதிருந்த ஆசை பாதிக் காரணம், என் மனைவி சுதா வைத்த கெடு மீதிக் காரணம். நீள லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்கி எட்டு மாதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவரை பதிவானவை: ஆடும் கிளை, பறவை பறந்துபோன பிறகு ஆடாத கிளை, பக்கத்து வீட்டுப் பூனை.

"ஒரே ஒரு பறவை, ஒரே ஒரு நிமிஷம், முழுசாக் காட்டுங்க. இல்லேன்னா வர்ற சனிக்கிழமை கேமராவ விக்கப் போட்டுடுவேன்" என்றாள். அவள் நர்ஸ். நோயாளிகளே அவளிடம் மறுபேச்சுப் பேசமாட்டார்கள், நான் எம்மாத்திரம்?

அப்போது வீட்டில் இன்னொரு விஷயத்திலும் என் பெயர் கெட்டுப்போயிருந்தது. கிளென் ஈடன் புறநகரில் எங்கள் வீட்டில், காலையில் சுதா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குக்கருக்குக் காவல் நான்தான். பக்கத்து அறையில் லேப்டாப்பைத் தட்டியபடி மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைக்க வேண்டும். எண்ணித்தான் அணைத்தேன். ஆனாலும் ஒரு மாதமாகத் துவரம்பருப்பு வேகவே இல்லை. புது கேஸ்கெட் போட்டோம், பருப்புக் கடையை மாற்றினோம், ஊறவைத்தும் பார்த்தோம். சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றன. "மூணு விசில் எண்ணத் தெரியாதவரு காட்டுல போயி பறவை பாக்கப் போறாராம்" என்று சுதா சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வலித்தது. மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். மூன்று வரை எண்ண வராதா எனக்கு?

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை ரயிலில் நகரத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் ஆகும், ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். படகு ஒன்பது மணிக்கு. போகவர ஒருவருக்குக் கிட்டத்தட்ட நூறு டாலர். தீவில் எலி, எறும்பு, வெளி விதை எதுவும் நுழையக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறார்கள். ஏறுமுன் ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பையைத் திறந்து சோதித்துக்கொள்ள வேண்டும். என் பையில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. 'விதை ஏதாவது உண்டா?' என்று படகில் ஏற்றிவிடும் பெண்மணி கேட்டதும் எனக்குக் கடுகு ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் டப்பாவைத் திறந்து தாளிப்பை விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. எண்ணெயில் வெடித்த கடுகு முளைக்காது என்று கடைசியில் அந்தப் பெண்மணி சிரித்தபடி தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்.

எண்பது நிமிடப் படகுப் பயணம். தீவில் எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் யோகா அக்கா, கணக்காளராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கே தொண்டு செய்கிறார். தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பேச ஆரம்பித்தேன். கேமரா, கெடு, கேஸ்கெட், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தம்பி, உம்மட வாய் ஓய்ஞ்சாத்தான் குருவி வரும்" என்றார் அக்கா.

வாயை மூடிக்கொண்டேன். தலைக்கு மேல் ஒரு கறுப்புப் பறவை உட்கார்ந்திருந்தது. தொண்டையில் வெள்ளைக் குஞ்சம், வெயில் பட்டால் பச்சையும் நீலமுமாக மினுக்கம்.

"உது டூயி. பெரிய கள்ளன். கேக்கிற சத்தமெல்லாத்தையும் பழகிப்போட்டுத் திருப்பிச் சொல்லுவான். எங்கட வீட்டடியில ஒண்டு கார் அலாரம் மாதிரிக் கத்தும்."

"ஆமாக்கா, எங்க தெருவுலயும் நிறைய இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தேன். தெருவில் திரிகிற பறவைக்காகவா நூறு டாலர் கொடுத்து வந்தேன்? எனக்கு வேண்டியது கோகாகோ. சாம்பல் நிற உடம்பு, கறுப்பு முகமூடி, தாடைக்குக் கீழே இரண்டு நீலத் தொங்கல். லேசில் கண்ணில் படாத பறவை.

மதியம் சாதத்தைப் பிரித்தபோது, நீல உடம்பும் சிவப்பு அலகுமாக, கோழியைவிடப் பெரிய தகாஹே ஒன்று நேராக நடந்து வந்தது. பறக்கத் தெரியாத, உலகத்திலேயே அபூர்வமான பறவைகளில் ஒன்று. அதற்குச் சாப்பாடு போடக் கூடாது என்பது சட்டம், அந்தச் சட்டம் அதற்குத் தெரியவில்லை. டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் படம் எடுக்க முடியவில்லை.

அதன் பிறகு, படகு திரும்ப ஒரு மணி நேரம் இருக்கையில், கோகாகோ வந்தது. கைக்கெட்டும் கிளையில் உட்கார்ந்து பாடியது. நாகஸ்வரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பார்களே, அப்படி ஒரு பாட்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிடம் கை ஆடவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. யோகா அக்கா என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் டிவியில் மாட்டி, சுதாவையும் மகள் நிலாவையும் உட்காரவைத்துப் போட்டேன். திரையில் என் ஷூ நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. சாப்பிட்டுக் கிளம்பும்போதே கழுத்தில் தொங்கிய கேமராவின் பொத்தான் அழுந்தியிருக்கிறது. கோகாகோ வந்ததும் நான் அழுத்தினேன் அல்லவா, அப்போது பதிவு நின்றிருக்கிறது. நாற்பது நிமிடம் என் ஷூவும், கூடவே என் முணுமுணுப்பும்: 'மூணுதான் எண்ணினேன்... நல்லா எண்ணினேன்...'

"டாட், இட்ஸ் ஜஸ்ட் ஷூஸ்" என்றாள் நிலா. சுதா எழுந்துபோய்க் கேமரா வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை. வாங்குகிறவர்களுக்குக் கேமரா வேலை செய்வதைக் காட்ட வேண்டுமாம். சுதா அதைத் தோட்டத்தில் முக்காலியில் நிறுத்தி, சமையலறை ஜன்னலை ஒட்டிய கோவாய் மரத்தின் மஞ்சள் பூக்களுக்குக் குறிவைத்துப் பதிவைத் தொடங்கினாள். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் கேட்டது.

"மூணாச்சு! அடுப்ப அணைங்க!" என்று வெளியிலிருந்து கத்தினாள்.

"எந்த அடுப்ப? குக்கர் என் கையில இருக்கு."

சோப்பு நுரையோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மறுபடியும் விசில். இருவரும் மேலே பார்த்தோம். பூக்களுக்கு நடுவே டூயி. தொண்டைக் குஞ்சத்தைச் சிலிர்த்து, முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி விட்டு, பிறகு முழு விசிலும் அடித்தது. ஆவியைக்கூட அது விட்டுவைக்கவில்லை. சுதா என்னைப் பார்த்தாள், குக்கரைப் பார்த்தாள், அப்படியே புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனசிலிருந்து ஒரு மாத பாரம் இறங்கியது. அவள் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்துகிறவள், ஆகவே எல்லாம் பதிவாகியிருந்தது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்தவன் நான் என்று இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாதத்தில் நெய் கூடுதலாக விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: படகு தினமும் கிடையாது, முன்பதிவு அவசியம். தீவில் சாப்பாட்டுக் கடையோ குப்பைத்தொட்டியோ இல்லை, கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சாப்பாடு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும், கடுகைப் பற்றி நீங்களாக வாய் திறக்காதீர்கள். திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தால்தான் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். சமையலறைப் பக்கம் கோவாய் மரம் இருந்தால் விசிலைக் காதால் எண்ணாமல் கண்ணால் எண்ணுங்கள்.

கேமராவை விற்கவில்லை, இப்போது அது சுதாவுடையது. முக்காலி தூக்குவது நான். போன வாரம் மறுபடி கோகாகோ பார்க்கப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"போலாம், நான் எடுக்கிறேன். இனிமே விசிலும் நானே எண்ணிக்கிறேன், உங்கள நம்ப முடியாது" என்றாள்.

அன்றைக்கு விசில் எண்ணியது அவள்தான். பருப்பு வேகவில்லை.