கங்கை வாங்கிக்கொண்ட நெத்திலி

இலுப்பூர்ச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஆத்மநாதனுக்குப் புண்ணியத்தின் மேல் ஆசை உண்டு. ஆனால் நெத்திலிக் கருவாட்டின் மேல் உயிர். தட்டோரம் நாலு வறுவல் இல்லையென்றால் மனுஷன் சோற்றைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் 2025 தை மாதம் மனைவி பரிமளாவோடு பிரயாகை கும்பமேளாவுக்கும் அப்படியே காசிக்கும் கிளம்பியபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது.

அவருக்குக் கூட்டமோ குளிரோ பயமில்லை. காசிக்குப் போனால் பிடித்த பண்டம் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதுதான் பயம். காசி ரோடு கூட்டத்தில் அடைபட்டுப் போகவே, “விட வேண்டியத இங்கிட்டே விட்டுருங்க” என்றான் யாத்திரை கூட்டிப்போன அறிவுச்செல்வன். பாகற்காயை விடப்போவதாகப் பரிமளாவிடம் சொன்னார் ஆத்மநாதன். கல்யாண விருந்தில்கூட அவர் அதைத் தொட்டதில்லை. அடேயப்பா, என்ன தியாகம்!

சங்கமத்துக்குப் போகும் படகில் அறிவுச்செல்வன் கதை சொன்னான். பாற்கடலைக் கடைந்தெடுத்த அமுதக் குடத்தோடு தேவர்கள் ஓடினார்களாம். அமுதம் நாலு இடத்தில் சிந்தியதாம். பன்னிரண்டு வருஷத்துக்கொருமுறை வியாழன் ரிஷபத்துக்கு வரும்போது பிரயாகைத் தண்ணீரில் அது மறுபடி ஊறுமாம்.

“குடத்த ஒழுங்காக் கட்டத் தெரியாதா தேவர்களுக்கு?” என்றார் ஆத்மநாதன். “கோட்டைப்பட்டினம் கடக்கரையில நான் கருவாட்டு மூட்டை கட்டினா இலுப்பூர் வரைக்கும் ஒரு நெத்திலி சிந்தாது.”

இறங்கி முழுகினார். ஐயோ, அது தண்ணீரா? பல் கிடுகிடுக்க அவர் துள்ளிய துள்ளலில் வேட்டி அவிழ்ந்தது. யாத்திரை பஸ்ஸில் போடும் சாம்பார்ச் சோற்றோடு தின்ன, பரிமளாவுக்குத் தெரியாமல் மடியில் ஒளித்திருந்த பொட்டலமும் அவிழ்ந்தது. வறுத்த நெத்திலி அத்தனையும் கங்கையில் மிதந்தது. வெள்ளைப் பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் விருந்தை முடித்துவிட்டன.

“கங்காதேவியே கேட்டு வாங்கிக்கிட்டா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பரிமளா. “இனிமே நெத்திலியத் தொடாதீங்க.”

“இனிமே தேவர்களையும் கொறை சொல்லாதீங்க” என்றான் அறிவுச்செல்வன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஆத்மநாதன் வெறும் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே வந்தார். இலுப்பூரில் இறங்கியதும்தான் முகம் மலர்ந்தது. போனது நெத்திலி மட்டும்தானே! கடையிலிருந்து வாளைக் கருவாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

“ஏ பரிமளா, இத ஆஞ்சு வறு.”

“நான் ஆயமுடியாதுங்க. கங்கையில விட்டுட்டேன்.”

“எத?”

“கருவாடு ஆயுறத. அதுன்னா எனக்கு எம்புட்டுப் புடிக்கும்! நீங்க பாகக்காய விட நெனச்சீங்கள்ல, அதே மாதிரி நானும் மனசக் கல்லாக்கிக்கிட்டு விட்டுட்டேன்.”

ஆத்மநாதன் அரிவாள்மணை முன் உட்கார்ந்து ஆய்ந்தார், கழுவினார். பிறகு சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து மோந்து பார்த்தார். நாற்றம் அப்படியே இருந்தது.

“இது எப்பப் போகும் பரிமளா?”

“யாருக்குங்க தெரியும்? நான் கல்யாணமான நாள்லேருந்து கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன்.”