கட்டுக்கொடி ஜெல்

இன்று ஆலங்காயத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சுருட்டை முடிக்கான ஜெல் கேட்டேன்.

“யாருக்குங்க?” என்றாள் கடைப்பெண்.

“எனக்குத்தான்மா.”

என் நரைத்த சுருள்களைப் பார்த்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தாள். “ஈரத் தலையில தடவிட்டு, காயிற வரைக்கும் கை வெக்காதீங்க. சீப்பு படவே கூடாது.”

சிரிப்பு வந்தது. எண்பதுகளில், ஜவ்வாது மலையில், அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ. “பரட்டைத் தலையோட வந்தா வெளிய நிக்க வெச்சிடுவேன்” என்றார் டீச்சர். எண்ணெய்க்கு என் முடி அடங்காது. ஆடு மேய்க்கும்போது கட்டுக்கொடி இலையைத் தண்ணீரில் கசக்கி, அது அல்வா மாதிரி உறைவதைப் பார்த்து விளையாடுவோம். அதையே தலையில் பூசினேன்.

முதல் நாள் வடிகட்டவில்லை. “இன்னாடி, தலையெல்லாம் தழை! ஆடு மேயப் போவுது” என்றாள் அம்மா. இரண்டாம் நாள் வடிகட்டினேன். காய்ந்ததும் பழக்கத்தில் சீப்பைப் போட்டேன். முடி புதராக எழும்பிவிட்டது. மூன்றாம் நாள் சீப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன்.

போட்டோவில் முன்வரிசையில் இருக்கிறேன், சுருள் சுருளாக.

இதைக் கேட்ட கடைப்பெண், நேராக்கியும் நெற்றியோரம் சுருண்டு கிளம்பியிருந்த தன் முடியைத் தொட்டுக்கொண்டே, கையிலிருந்த ஜெல் டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள்.

“அந்தத் தழை எங்கங்க கெடைக்கும்?”

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடை முதலாளி என்னை முறைத்த முறை இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தப் பெண்ணும் மலைக்குப் போகிறோம். சீப்பை வீட்டில் வைத்துவிட்டு யார் யார் வர்றீங்க?