வெள்ளிக்கிழமை எண்ணெய்

சென்ற வாரம் ஹமீது நானாவின் இறால் பண்ணையில் ஓர் எச்சரிக்கை மணி அடித்தது, இன்னொன்று அடிக்கவில்லை. அடித்தது என்னுடையது. அப்படியிருந்தும் எனக்குப் பொறாமை... ஏன்?

புத்தளத்தில், களப்பு என்னும் கடலோர உப்பேரியின் ஓரத்தில் நானாவுக்கு இரண்டு இறால் குளங்கள். மழையில் நீர் கரையைத் தாண்டினால், அறுவடைக்கு நிற்கும் இறால் அத்தனையும் களப்புக்குப் போய்விடும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. ஆகவே கரை விளிம்புக்குச் சற்றுக் கீழே, குளத்துக்கு ஒன்றாக, மின்சாரம் கடத்தும் பூச்சுப் பூசிய இரண்டு பட்டிகள். நீர் பட்டால் மின்சாரம் ஓடும், மணி அடிக்கும்.

பூசுவது எளிது. உப்புக் காற்றில் அது கெடாமல் நிலைத்திருப்பதுதான் கடினம். நானும், என்னுடன் பல்கலைக்கழகத்தில் படித்த ரிஸ்னாவும் தனித்தனியே முயன்றோம். அவளுடையது வெள்ளித்தூள் கலந்தது — மின்னும். என்னுடையது கரித்தூள்... அடுப்பில் கரி பிடித்த தாச்சிச் சட்டியின் அடிப்பக்கமேதான்!

"ரிஸ்னா மகள்ட சாமானப் பாருங்க, கலியாணப் பொண்ணு மாதிரி! பெரிய குளத்துக்கு அதுதான். தம்பி, உங்கடையச் சின்னக் குளத்துல போடுவம். மனம் நோகக் கூடாது." இளம்பெண்கள் எல்லோரும் நானாவுக்கு மகள்தான்.

"நோகல்ல நானா" என்றேன். நொந்தது. அவளுடையது கறுத்துவிட்டதா என்று போகும்போதெல்லாம் பார்த்தேன். சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று படித்தவன், ஒரு குடும்பத்தைக் காக்கும் பொருள் கெட வேண்டுமென விரும்பலாமா? அதுவோ கறுக்கவில்லை. வரவர இன்னும் மின்னியது!

பிறகு அந்த மழை. சின்னக் குளத்து மணி கேட்டு நானா ஓடிப்போனால், பெரிய குளமும் ததும்பி நிற்கிறது — சத்தமேயில்லை. மண்மூட்டை அடுக்கி இறாலைக் காப்பாற்றிவிட்டு, எங்கள் இருவரையும் அழைத்தார்.

ரிஸ்னா பட்டியைத் தடவி, விரலை முகர்ந்தாள்.

"நானா, இதுல என்ன பூசினீங்க?"

"தேங்காயெண்ணெய்தான் மகள். உப்புக் காத்துக்குப் பூட்டு, பம்பு எல்லாத்துக்கும் பூசுறதுதானே. இதுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் போக முந்தி நானே பூசுவன். இவ்வளவு வடிவான சாமான் துருப்பிடிச்சாப் பாவமில்லையா?"

எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி நீர் பட்டியைத் தொடவேயில்லை.

"அப்ப இவர்ட கறுப்புக்கு?"

"அதுக்கு எதுக்கு மகள் எண்ணெய்?"

ரிஸ்னா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆய்வுகூடத்தில் உப்புக்கு அஞ்சினோம், பாசத்துக்கு அஞ்சவில்லை. ஒரு பொருள் நிலைக்க வேண்டுமானால், அதைப் பாவிப்பவரின் பழக்கத்தையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். இதை நாங்கள் இருவரும் எழுதி வைத்துக்கொண்டோம்.

ஆனாலும், என் கறுப்புப் பட்டியை ஒரு வெள்ளிக்கிழமையாவது யாராவது துடைத்திருக்கலாம்!