நாற்பத்தாறு வயதில் டபுள் பேஸ்

"பிள்ளைக்கு என்னா வயசு அக்கா?" என்று கேட்டாள் பிரிக்பீல்ட்ஸ் இசைப்பள்ளியின் கவுண்டரில் இருந்த பெண்.

"நாப்பத்தாறு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கா?"

"எனக்குத்தாம்மா. டபுள் பேஸ்."

அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச காலம் முன்புவரை எனக்கே தெரியாது. ஷா ஆலம் ஹோட்டல் ஒன்றில் கம்பெனி டின்னர். மேடை ஓரத்தில் ஒருவர் ஆளைவிட உயரமான, வயலின் சாயலில் இருந்த ஒன்றை நிற்க வைத்துக் கட்டிப்பிடித்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பாடகியைப் பார்த்தார்கள். எனக்கோ அந்தக் கனத்த சத்தம் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. கிள்ளானில் லோரி கம்பெனியில் வேலை பார்க்கிறவள் நான். சத்தத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு சத்தத்தைக் கேட்டு, இது எனக்கு வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

ஊருக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய பேஸை விற்பதாகக் கேள்விப்பட்டு, யோசிக்காமல் வாங்கிவிட்டேன். என் கணவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வீட்டுல பீரோ வைக்கவே எடம் இல்ல. இத படிச்சி என்னா செய்யப் போற லா?"

இந்தக் கேள்வியைத்தான் பிறகு எல்லோரும் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "யூகலேலே படிங்களேன் அக்கா, சின்ன கிட்டார் மாதிரி, கை வலிக்காது" என்றாள். போனில் கிடைத்த வாத்தியார் ஒருவர், கிரேடு பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லித் தருவதாகச் சொன்னார். எனக்குப் பரீட்சை வேண்டாம், வாசித்தால் போதும் என்றேன். "அப்புறம் எதுக்கு ஆன்டி?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் வருடக்கணக்காகச் சாயங்காலமானால் பேட்மின்டன் ஆடப் போகிறார். மலேசியாவுக்காக ஆடப் போகிறாயா என்று ஒருவராவது அவரைக் கேட்டிருப்பார்களா? பொம்பளை ஒருத்தி நாற்பதைத் தாண்டி ஒன்றைத் தொட்டால் மட்டும் ஊருக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசியில் சாலாக் செலாத்தானில் ஒரு டீச்சர் அகப்பட்டாள். சீனப் பெண்; வயதில் எனக்கு மகளாக இருக்கலாம். ஒரு இசைக்குழுவில் வாசிப்பவள். வந்து வாசித்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அவள் சொன்ன நாள் விஜயதசமியாக அமைந்தது. புதுப் படிப்பு தொடங்க நமக்கு அதைவிட நல்ல நாள் ஏது? காரின் முன் சீட்டைச் சாய்த்து, பின் சீட்டு வரை பேஸைப் படுக்க வைத்து, ஓரத்தில் ஒரு தட்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ. கையை வீசிக்கொண்டு குருவிடம் போவது எனக்கு வராது.

கடை வீட்டின் மாடியில் அவள் அறை. பேஸை மூச்சு வாங்கப் படியேற்றி வைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க்யூ சொன்னாள்.

நின்று, வில்லைப் பிடித்து, இழுத்தேன். பிரேக் தேய்ந்த லோரி போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தேன். அதே லோரி. அவள் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள், இடது கை விரல்களை விரிக்கச் சொன்னாள், இன்னும் இழுங்கள் என்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை போலும். நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தட்டிலிருந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றாள்.

பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. தோள் இறுகிப் போச்சு. விரல் விரியல. ரொம்ப லேட். உங்க நேரத்த வீணாக்க எனக்கு மனசு வரல."

அழுகை முட்டியது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. இவளையும் விட்டால் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை.

"முடியாது டீச்சர்" என்றேன். "நீங்க தட்ட வாங்கிட்டீங்க."

"என்ன தட்டு?"

"எங்க ஆளுங்ககிட்ட தட்டு வாங்கினா சம்மதம்னு அர்த்தம். கல்யாணமே அதுலதான் முடிவாகும். இன்னிக்கு நாளும் நல்ல நாள். பழத்தையும் சாப்பிட்டாச்சு. இனி எப்பிடித் திருப்பித் தருவீங்க?"

அவள் கையில் இருந்த தோலைப் பார்த்தாள். "நாங்க ஒருத்தர் வீட்டுக்குப் போனா ஆரஞ்சு கொண்டு போவோம். அது மாதிரின்னு நெனச்சேன்."

"அது மாதிரி இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வாயைத் துடைத்தாள். நான் சிரிக்கவில்லை. வில்லை விடாமல் பிடித்தபடி நின்றேன். என்னைப் போகச் சொல்ல வேண்டுமானால் பேஸோடு சேர்த்து அவள்தான் படியில் இறக்க வேண்டும்.

அவள் தோலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. ஆனா நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் சொல்வேன்."

"தாராளமா சொல்லுங்க டீச்சர். நான் வாசிச்சிக்கிட்டே கேட்டுக்குறேன்."