காற்றுப் புகாத கோழிக்கூடு

குளிர்காலத்தில் கோழிக்கூட்டை ஒரு ஓட்டை விடாமல் அடைக்கச் சொல்லி வீடியோ போட்ட மனிதர் பொய் சொல்கிறார். தெரியாமல் சொன்னது என்றால் பிழை என்று விட்டிருப்பேன். பிழை என்று நான் சொன்ன பிறகும் அதை அப்படியே வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் பொய்தான். அவரும் எங்கள் ஆள், அவரும் லண்டன்தான். பெயரை எழுத மாட்டேன். வாசித்தால் அவருக்கே விளங்கும்.

போன மார்கழியில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது.

எங்களிடம் மூன்று கோழிகள் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடு மாறிப் போகும்போது கூட்டோடு தந்துவிட்டுப் போனார். மரத்தால் செய்த கூடு. அதோடு ஒட்டினாற்போல் கோழிகள் உலாவுவதற்கு நீளமான ஒரு கம்பிவலை அடைப்பு, மேலே தகரக் கூரை. எனக்குக் கோழி வளர்க்கும் ஆசை ஒன்றும் இருக்கவில்லை. தந்தார், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கினேன்.

என் கணவருக்கு அப்போது பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்து, பேச்சும் போயிருந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்லுவார். கோப்பை, கதிரை, பூனை. இவர் வாயைத் திறக்க மாட்டார். வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடப்பார், ஆனால் பின்கதவுப் படியில் கால் வைக்க மாட்டார். எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்தோம். குசினி யன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருப்பார். அவ்வளவுதான் அவருடைய நாள்.

கோழிகள் வந்த கிழமை நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "பா… பா… பா…" எங்கள் ஆட்கள் கோழிக்குத் தீன் போடக் கூப்பிடுகிற சத்தம். திரும்பினால் இவர். கண்ணாடிக்கு வெளியே கறுப்புக் கோழி அடைப்பின் மூலைக்கு ஓடிவந்து, தலையைச் சரித்து இவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு தினமும் அப்படித்தான். வேறு ஒரு சொல்லும் வராது, அது மட்டும் தெளிவாக வரும். நான் குழாயைப் பூட்டிவிட்டு, ஈரக் கையோடு நின்று கேட்பேன். எனக்கு மிச்சமிருந்த அவருடைய குரல் அதுதான். அதனால்தான் குளிர் வரப்போகிறது என்றதும் பயம் பிடித்தது. அந்தக் கறுப்பி செத்தால் வீட்டில் அந்தச் சத்தமும் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் இந்த மனிதரின் வீடியோ. "ஒரு ஊசி முனை அளவுக்கும் காத்துப் போகக் கூடாது" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன? நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு அறையில் இருந்தபோது யன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் செருகி, காற்று வர வைத்த துவாரத்துக்கு டேப் ஒட்டியவர்கள்தானே. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்துவிட்டுத் திரும்பவும் டேப் ஒட்டுவோம்.

தடித்த பொலித்தீன் வாங்கிவந்து அடைப்பைச் சுற்றிக் கட்டினேன். கூட்டின் கூரைக்குக் கீழே இருந்த துவாரங்களுக்குள் பழைய கம்பளித் துணியைச் செருகினேன். மூலைகளுக்கு டேப். பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் நாமக்கல்காரர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்.

"என்னக்கா, கோழியை பார்சல் பண்றீங்களா? எந்த ஊருக்கு அனுப்புறீங்க?"

"பகிடி விடாதேங்கோ தம்பி. குளிருக்கு அடைக்கிறன்."

"மேல கொஞ்சம் காத்துப் போக வழி விடுங்கக்கா. எங்க ஊர்ல கோழிப்பண்ணையில அப்படித்தான் விடுவாங்க."

"உங்கட நாமக்கல்லில பனி கொட்டுதோ?"

"அதெப்படிக்கா கொட்டும்?"

"அப்ப பேசாமல் போய் வேலையைப் பாருங்கோ."

சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பார்க்க நல்லாகத்தான் இருந்தது. அடைப்புக்குள் ஒரு சின்ன விளக்குப் போட்டிருந்தேன். பின்னேரம் மூன்றரைக்கே இருளத் தொடங்கும் நாட்கள். புகார் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கிய நேரத்தில் குசினியிலிருந்து பார்த்தால், வளவின் கோடியில் மஞ்சளாக ஒரு பெட்டி மிதக்கும். உள்ளே கோழிகளின் நிழல் பெரிதாகி, சிறிதாகி, ஒன்றுக்குள் ஒன்று போய் வரும். சத்தம் வராது. மீன்தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இவர் தேநீரை ஆறவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். சில நேரம் சமைக்கவும் மறந்துபோகும்.

ஒரு கிழமைக்குள் பொலித்தீன் உட்பக்கம் வியர்க்கத் தொடங்கியது. காலையில் துளி துளியாகத் தொங்கும். கீழே பரப்பியிருந்த மரச்சீவல் நனைந்து கட்டியானது. கதவைத் திறந்தால் மூக்கை அறுக்கிற நாற்றம். கறுப்பியின் கொண்டை நுனி வெளிறியிருந்தது. வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன். உடனே அவரிடமிருந்து பதில் வந்தது: "வெள்ளிக்கிழமையில சாம்பிராணி காட்டிப்போட்டு, கொஞ்ச நேரம் மூடி விடுங்கோ அக்கா. மணமும் போகும், பூச்சியும் போகும்." கீழே எத்தனையோ பேர் கை கூப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எப்படியும் சாம்பிராணி உண்டு. அன்றைக்குப் பின்னேரம் ஒரு தட்டை அடைப்புக்குள் கல்லின் மேல் வைத்தேன். கரி நல்லாகப் பிடித்திருந்தது, சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். வீடியோக்காரர் சொன்னபடியே பொலித்தீனை இழுத்து மூடி டேப் ஒட்டிவிட்டு, மற்றத் தட்டோடு மாடிக்குப் போனேன், அறைகளுக்குக் காட்ட.

கீழே "பா… பா…" கேட்டது. வழக்கமான சத்தம். பிறகு திரும்பவும் கேட்டது, கொஞ்சம் உரத்து. பிறகு இன்னும் உரத்து. நான் அலுமாரிக்குப் பின்னால் புகை காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவு சுவரில் அடித்த சத்தம் கேட்டது, மாடிப்படியால் குளிர் ஏறி வந்தது.

யன்னலால் பார்த்தேன். புல்லெல்லாம் வெண்பனி. வளவின் கோடியில் அந்த மஞ்சள் பெட்டி வெள்ளையாகியிருந்தது. ஒரு முகிலைப் பிடித்து அடைத்துவைத்தது போல, உள்ளே வெளிச்சம் சுழன்றுகொண்டிருந்தது. அதை நோக்கி ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை. இடது கையால் வேலியைத் தடவித் தடவி, வீட்டுச் செருப்போடு, வலது காலை இழுத்து இழுத்து. அவ்வளவு மெதுவாக. யாருடைய புருஷன் இது, ஏன் எங்கள் வளவுக்குள் நடக்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பார்க்க அழகாக இருந்தது. ஓடவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகுதான் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"இஞ்சாருங்கோ! விழப்போறியள்! நில்லுங்கோ!"

அவர் திரும்பவில்லை. இடது கையால் டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. நான்தானே இறுக்கி ஒட்டினேன். என்னைப் பார்த்து, "திற" என்றார். நான் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினேன். "திற! திற!" என்று கத்தினார்.

அந்தச் சத்தத்துக்கு நாமக்கல் தம்பி வேலி பாய்ந்து வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அக்கா, கத்தி எடுங்க! அந்தப் பக்கம் கிழிங்க!"

குசினிக் கத்தியோடு ஓடிவந்து மேலிருந்து கீழே கிழித்தேன். புகை எங்கள் முகத்தில் மோதி, மேலே எழும்பிப் புகாருக்குள் கலந்தது. இரண்டு கோழிகள் கதவடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வெளியில் எடுத்ததும் தள்ளாடி எழும்பின. கறுப்பி கூட்டுக்குள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான் தண்ணீருக்கு ஓடப்போனேன்.

"தண்ணி ஊத்தாதீங்கக்கா, மூச்சுல போயிரும். சும்மா காத்துல வைங்க."

இவர் தம்பியின் தோளைப் பிடித்து வந்து பின்கதவுப் படியில் இருந்துவிட்டார். கறுப்பியை மடியில் வைத்தோம். கழுத்து துணி மாதிரி தொங்கியது. இவர் இடது கையால் அதை ஏந்திப் பிடித்துக்கொண்டு, "பா… பா…" என்றார், காதுக்குள் சொல்கிற மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் குளிருக்குள் குனிந்து அதன் மார்பைப் பார்த்தோம். சாம்பிராணி வாசம் தெருவெல்லாம் பரவியிருக்க வேண்டும். கோழியின் இமை கீழிருந்து மேலே மூடும், பார்த்திருக்கிறீர்களா? அந்த இமை மெதுவாகக் கீழே இறங்கியது. உள்ளே ஒரு செம்மஞ்சள் கண் இவரைப் பார்த்தது.

தம்பிதான் முதலில் வாய் திறந்தார்.

"கோழிக்குக் கோயிலே கட்டிட்டீங்கக்கா. அடுத்து என்ன, தேர்த் திருவிழாவா?"

"வாயை மூடுங்கோ தம்பி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் பிரித்தோம். துவாரங்களில் செருகிய துணியைப் பிடுங்கி, எலி வராமல் சின்னக் கம்பிவலை மட்டும் அடித்தோம். பொலித்தீனைக் காற்று அடிக்கிற ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் கீழ்ப்பாதிக்கு மட்டும் விட்டோம். நனைந்த மரச்சீவலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போட்டோம். தூங்கும் தடியை அகலமான பலகையாக மாற்றினோம், கோழி தன் காலை இறகுக்குள் மூடிக்கொண்டு படுக்க. கொண்டைக்கு வாஸ்லின் பூசினேன். இவர் படியில் இருந்து மேற்பார்வை. தம்பி எங்கே ஆணியை வைத்தாலும் "திற" என்பார்.

"சார், இதுக்கு மேல திறந்தா நரிக்கு வாசல் ஆயிரும் சார்."

"திற."

தேநீர் வேண்டுமென்றாலும் திற, டிவி போட வேண்டுமென்றாலும் திற. கொஞ்ச நாளைக்கு அந்த ஒரு சொல்லோடு வீடு நடந்தது. பிறகு மற்றச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நிறைய இல்லை. போதும்.

தையில் பனி கொட்டியது. காலையில் பார்த்தால் வேலி, கூரை, தெரு எல்லாம் வெள்ளை, ஒரு சத்தம் இல்லை. கூட்டுக்குள் குளிர்தான், காற்று மேலே நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே கை வைத்தால் எல்லாம் காய்ந்திருந்தது. மூன்றும் பந்து மாதிரி ஊதிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பலகையில் இருந்தன. குளிர் அவற்றைக் கொல்லவில்லை. அவற்றுக்கு இறகு இருக்கிறது.

நடந்ததை அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். மறுநாள் அது இல்லை. திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தார். பிறகு எனக்குத் தனியாகக் குரல்பதிவு அனுப்பினார்: "அக்கா, கோவிக்காதேங்கோ. கோழி சாகேல்லைத்தானே? உப்பிடி எல்லாரும் பாக்க எழுதினால் என்ரை பேர் என்னாகும்?"

ஓம், சாகவில்லை. நடக்க ஏலாத ஒரு மனிதர் நடந்தபடியால் சாகவில்லை. எல்லா வீட்டு யன்னலடியிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒரு உயிரின் மூச்சை நிறுத்திவிட முடியும் என்பது, கையில் டேப்பை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இப்போதும் உறைக்கிறது. வீடியோ போட்ட தம்பி, உங்களுக்கு உறைக்கவில்லை. இந்தக் குளிருக்கும் யாரோ உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பொலித்தீன் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே எனக்குத் தனியாகப் பதில் அனுப்ப வேண்டாம், தம்பி. அந்த வீடியோ இருக்கிற அதே இடத்தில், அத்தனை பேரும் பார்க்க, உங்கள் வாயால் சொல்லுங்கள்: ஊசி முனை அளவுக்கும் காற்றுப் போகாத கூட்டுக்குள் கோழி எதைச் சுவாசிக்கும்?