லஸ்கர் ஷட்டரை மூட வந்த நாள்

எங்கள் வாய்க்கால் தலைப்பில் மதகு ஷட்டரைத் திறந்து மூடுகிறவருக்கு லஸ்கர் என்று பெயர். அரசாங்கம் வைத்த பெயர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாரும் அதை ஆங்கிலம் என்று நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிற நானே நினைத்ததில்லை.

அந்த வருஷம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு வாய்க்காலுக்குச் சில நாள். அப்புறம் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு. நாங்கள் கடைமடை. மேலே இருப்பவர்கள் மிச்சம் வைத்தால்தான் எங்களுக்கு. பயிர் சூல் கட்டி நின்றது. இப்போது காய்ந்தால் எல்லாம் பதர். முறை முடிகிற அன்று பாதி வயல்தான் நனைந்திருந்தது. அண்ணன் நேரே தலைப்புக்குப் போய் ஷட்டர் மேடையில் ஏறி, திருகு கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். உட்கார்ந்த ஆளை இறக்கிவிட்டு மூடுகிற லஸ்கர் இன்னும் பிறக்கவில்லை. நானும் கூடப் போனேன். அண்ணனுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டுமே.

வெயிலில் வேறு வேலை இல்லாமல் போனில் அகராதியைப் பார்த்தேன். பாரசீகத்தில் லஷ்கர் என்றால் படை. வெள்ளைக்காரன் அதைக் கப்பலில் வேலை செய்த நம் நாட்டு மாலுமிக்கு வைத்தான். முகாமில் கூடாரம் அடிக்கிறவனுக்கும் பீரங்கி இழுக்கிறவனுக்கும் அதே பெயர். மதகு திறக்கிறவரை அந்த அகராதிக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“படையா? ஒத்த ஆளு ஓட்ட மொபெட்ல வர்றான். நீ படிச்ச படிப்புக்கு அந்த மேட்டுல நின்னு வர்றானான்னு பாரு.”

சாயங்காலம் லஸ்கர் வந்தார். ஷட்டரைத் திருகுகிற சாவியைத் தரையில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“இறங்குங்க. முறை முடிஞ்சிருச்சு.”

“பாதி வயல் காயுது. இன்னிக்கு ராத்திரி மட்டும் விட்டுட்டுப் போங்க,” என்றார் அண்ணன். “உங்களுக்கென்ன, அரசாங்கச் சம்பளம். வயல் வச்சிருந்தா தெரியும்.”

லஸ்கர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “வச்சிருக்கேங்க. நாளைக்கு முறை எங்க வாய்க்காலுக்குத்தான். நானும் கடைமடை. போன முறை எனக்கு வந்தே சேரல.”

வாய்ப்பேச்சில் அண்ணனை ஊரில் யாரும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கினார். கீழே கிடந்த சாவியை அவரே எடுத்து நீட்டினார். லஸ்கர் ஷட்டரை இறக்கினார். தண்ணீர் நிற்கிற வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நனைந்த பாதியில் எங்களுக்குக் கதிர் வந்தது. லஸ்கர் வயலில் என்ன வந்தது என்று கேட்க எங்கள் இருவருக்கும் இன்றுவரை வாய் வரவில்லை.